நிழற்படம் படியெடுத்தல்: இல்லமும் கூடமும்

மாந்தர் தம் வாழ்வின் நன்னாட்களை நினைவில் நிறுத்துதற்குக் கையாளும் கருவிகளுள் நிழற்படம் தலையாயது. கல்லிற் பொறித்தலும் செம்பில் வெட்டுதலும் அரசர்க்கும் செல்வர்க்குமே இயன்றன. நிழற்படமோ குடிசையிலும் மாடத்திலும் ஒருங்கே தொங்குவது. இஞ்ஞான்று படம் பிடிப்போர் தொகை எண்ணிறந்தது. கைப்பேசி உடையார் அனைவரும் படம் பிடிப்போரே. ஆயினும், பிடித்த படத்தைத் தாளில் ஏற்றுவோர் சிலரே. திரையிற் கண்டு மகிழ்ந்து மறப்பதோடு பலர் அமைகின்றனர். தாளில் ஏறாத படம், கருவி பழுதுற்ற நாளில் அதனோடு தானும் அழிந்தொழிதல் கூடும். ஆகலின், படத்தைத் தாளிற் படியெடுக்கும் தொழிலை ஒருவன் தன் இல்லத்திலேயே செய்துகொள்ளுதல் நன்றோ, அன்றி அதற்கென அமைந்த கலர் லேபுக்கு அனுப்புதல் நன்றோ, சிறப்பாகப் பிறரிடம் கூலி பெற்றுச் செய்யும் வேலைக்கு எது தக்கது என்பதை இக்கட்டுரையில் ஒருசிறிது ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருமழபாடியை நிலைக்களமாகக் கொள்கின்றோம். இவ்வூர் அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற வைத்தியநாதர் திருக்கோயிலை உடையது. ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் இங்கு நந்தியெம்பெருமானுக்குத் திருமணவிழா நிகழ்கின்றது. 'நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்' என்பது இப்பக்கத்துப் பழமொழி. மணமாகாத மகளிரும் மைந்தரும் இவ்விழாவினைக் காண வந்து கூடுவர். அங்ஙனம் கண்டவர்க்கு மணம் முடிந்த பின்னர், அம்மணத்தின் நினைவைக் காத்துக் கொடுக்கும் கடமை படக்காரர்பாற் சேர்கின்றது. எனவே, திருமணத்தாற் பெயர்பெற்ற ஓரூரில் நின்று திருமணப் படத்தொழிலைப்பற்றி ஆராய்தல் பொருத்தமேயாம்.

பொருத்தம் இஃதொன்று மட்டுமன்று. படியெடுத்தல் என்னும் செயலுக்கே இவ்வூர் ஒரு பழஞ்சான்று தருகின்றது. முதல் இராசராசன் தனது 28ஆம் ஆட்சியாண்டில் இக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு கட்டளையிட்டான். பிரிக்குமுன், சுவர்களிலிருந்த கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவும் ஏற்பாடு செய்யப்பெற்றது. பின்னர், அவன் மகன் இராசேந்திரனது 14ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஏறக்குறைய கி. பி. 1026இல், அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பெற்றன. மூலம் அழியும், ஆதலால் அழியுமுன் படி வேண்டும், அப்படியும் பிழையற்றதாய் வேண்டும் என்னும் மூன்று உண்மைகளையும் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். கொடைக்கு உரியவன் ஒருவன் இருந்தான். அவனுடைய உரிமை அந்தப் படியின் நேர்மையைப் பற்றி நின்றது. கூலிக்குப் படமெடுப்பான் நிலையும் இதுவே.

இனி, நிழற்படத்தின் வரலாற்றைப் பார்ப்பாம். திருமழபாடிக்குத் தெற்கே, கொள்ளிடத்திற்கு அப்பால், திருவையாறும் தஞ்சையும் உள்ளன. லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1856இல் சென்னை மாகாண அரசாங்கத்தின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்றார். தஞ்சை, திருவையாறு ஆகிய ஊர்களின் காட்சிகளைக் கொண்ட அவரது படத்தொகுதி 1858இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சூழ்ந்துள்ள கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாகப் பிடித்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்லிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து கல்லுக்கும் மாறிய சோழர் எழுத்து, அந்நாளிலே தாளுக்கும் ஏறியது.

ஈண்டு நாம் கருதற்பாலது, அவர் தம் படங்களைப் படியெடுத்த முறையாகும். அவர் பெங்களூரில் தமக்கெனவே ஒரு கூடம் அமைத்து, உதவியாளரைப் பயிற்றி, படிகளைத் தம் கண்காணிப்பிலேயே செய்வித்தார். படிகள் வெயிலின் ஒளியால் உண்டாயின. பொன்னுப்புக் கரைசலால் நிறமும் உறுதியும் பெற்றன. இன்றும் அவை அறிஞர் போற்றும் நிலையில் உள்ளன. ஆயின், 1859இல் ஆளுநராய் வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், நாட்டின் வருவாய் நிலைக்கு இஃதோர் ஆடம்பரச் செலவு எனக் கருதினார். அடுத்த ஆண்டில் அக்கூடம் மூடப்பட்டது. படியின் தரத்தில் எவரும் குறை கண்டிலர். செலவைக் கொடுப்பார் இலராயினர். தன் கையாலேயே படியெடுப்பான் அடையும் மேன்மையும் அவனுக்கு நேரும் இடரும் இவ்வொரு வரலாற்றிலேயே அடங்கிக் கிடக்கின்றன.

அதன் பின்னர் வந்த கறுப்பு வெள்ளைப் படக்காலத்தில், சிற்றூர்ப் படக்காரர் பலரும் தம் வீட்டின் ஓரறையை இருட்டறையாக்கித் தாமே படியெடுத்துவந்தனர். அப்படத்தாள் செவ்வொளியால் தாக்குறாதது. ஆகலின் சிறு செவ்விளக்கின் ஒளியில், தட்டுக்களில் ஊற்றிய மருந்துகளில் தாளை முறையே தோய்த்து, உருவம் மெல்ல எழுவதைக் கண்ணாற் கண்டு வேலை செய்யலாயிற்று. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலை, 'இந்து' என்னும் பெயரால் பிலிமும் தாளும் செய்து விற்றது. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை.

வண்ணப்படம் வந்ததும் நிலைமை மாறிற்று. வண்ணத்தாள் எல்லா ஒளிக்கும் கூசுவது. எனவே முழு இருளில் வைத்தே கையாளவேண்டும். மருந்தின் வெம்மையும் ஒரே அளவில் நிற்றல் வேண்டும். இக்காலத்து வண்ணத்தாளுக்குரிய மருந்து 35 பாகை செல்சியசை ஒட்டியே இருத்தல் இன்றியமையாதது. சிற்றூர் வீட்டறையில் இது எளிதில் இயலாது. ஆகவே நகரங்களில் பெரிய இயந்திரங்களோடு கலர் லேபுகள் தோன்றின. சிற்றூர்ப் படக்காரர் பிலிம் சுருள்களை நகருக்கு அனுப்பிக் காத்திருப்பாராயினர். பின்னர், எண்முறைக் காமிராவும் மைத்துளி பிரிண்டரும் வந்து, படியெடுப்பை மீண்டும் இல்லத்திற்குக் கொணர்ந்தன. இல்லத்தினின்றும் கூடத்திற்குச் சென்ற தொழில் இல்லத்திற்கே திரும்பும் வாயில் திறந்தமையால், 'எது நன்று' என்னும் வினாவும் உடன் எழுந்தது.

விடை காணுமுன் இரண்டின் இயல்பையும் அறிதல் வேண்டும். மைத்துளி பிரிண்டர், கண்ணுக்குத் தோன்றாத நுண்துளிகளாக மையைத் தாளின்மீது தெளிப்பது. மை இருவகைப்படும். ஒன்று, நீரிற் கரைந்த சாயம். இது பளபளப்பும் விலைக்குறைவும் உடையது. மற்றொன்று, கரையாத நுண்பொடியைக் கொண்ட மை. இது விலை மிக்கது, ஒளியை நெடுங்காலம் பொறுப்பது. கலர் லேபின் இயந்திரமோ தாளில் மையைத் தெளிப்பதன்று. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று லேசர் ஒளிக்கதிர்கள் வெள்ளியுப்புப் பூசிய தாளின்மீது படத்தை வரைகின்றன. பின் அத்தாள் இயந்திரத்தினுள்ளேயே மருந்துகளிற் படிந்து, கழுவப்பெற்று, உலர்ந்து வெளிவருகின்றது. மை தெளிக்கும் பெருங்கருவிகளை வைத்திருக்கும் கூடங்களும் உள்ளன.

முதலிற் செலவை நோக்குவாம். இல்லத்திற் படியெடுத்தலே மலிவு என்பது பொதுவாக வழங்கும் கூற்று. அதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். ஒரு பிரிண்டரின் விலை 20,000 ரூபாய் என்றும், 4×6 அங்குலப் படம் ஒன்றுக்கு லேபில் 10 ரூபாயும் இல்லத்தில் மைக்கும் தாளுக்குமாக 6 ரூபாயும் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். இவை கணக்கை விளக்க யாம் எடுத்துக்கொண்ட தொகைகளே. அவரவர் ஊர் விலையை இவற்றினிடத்தில் இட்டுக்கொள்க. படத்திற்கு 4 ரூபாய் மிச்சமாதலின், 5,000 படங்கள் எடுத்த பின்னரே பிரிண்டரின் விலை மீளும். பத்துத் தாளுக்கு ஒன்று கெடுமாயின், நல்ல படம் ஒன்றின் அடக்கம் ஏறக்குறைய 6 ரூபாய் 67 காசாகும். அப்பொழுது 6,000 படங்கள் வேண்டும். படக்காரனது உழைப்புக்கு இக்கணக்கில் ஒரு காசும் சேர்க்கப்படவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து 400 படங்களை அச்சிட்டுத் தாள் தாளாய் நறுக்கி அடுக்குவான் ஒருவன், அவ்விரவின் கூலியைத் தானே இழந்தவனாகின்றான். இழந்தது ஏட்டில் ஏறாமையால் மலிவென்று மயங்குகின்றான்.

மற்றொரு செலவு பஞ்சாங்கத்தில் ஒளிந்திருப்பது. நம் நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் பொதுவாகத் திருமணம் செய்வதில்லை. தைக்கும் வைகாசிக்கும் ஆவணிக்கும் வேலை மலிந்து கிடக்கும். இடைப்பட்ட திங்களிற் பிரிண்டர் சும்மா கிடக்கும். மைத்துளி பிரிண்டருக்கு ஓய்வு ஒரு நோய். நுண்துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். மீண்டும் இயக்கும்பொழுது படத்தின் குறுக்கே கோடு கோடாய் விழும். துளைகளைத் துப்புரவு செய்யும் பொருட்டுப் பிரிண்டர் தானே மையை உறிஞ்சி வீணாக்கும். ஆற்றங்கரை ஊரின் மணற்புழுதியும் கோடை வெம்மையும் இந்நோயை வளர்ப்பன. வேலை இல்லாத நாளிலும் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரு சிறு வண்ணப்படத்தையேனும் அச்சிட்டு வருதலே இதற்கு மருந்து. லேபுக்கோ பல ஊர் வேலையும் வந்து சேர்தலின், இயந்திரம் ஓயாமல் ஓடி மருந்தும் நிலைபெற்று நிற்கின்றது.

அளவும் கருதற்பாலது. தெளிவான படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது தொழிலாளர் கொள்ளும் அளவு. 4×6 அங்குலப் படத்திற்கு 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். இதனை இல்லத்துப் பிரிண்டர் இனிது செய்யும். திருமண ஆல்பத்தில் வழங்கும் 12×36 அங்குலத் தாளுக்கோ ஏறக்குறைய 3 கோடியே 89 இலட்சம் புள்ளிகள் வேண்டும். அவ்வளவு அகன்ற தாள் இல்லத்துப் பிரிண்டரில் நுழைதலும் இல்லை. நுழைந்தாலும், தாள்களை முதுகொட்டி, மடிப்பிற் கிழியாதவாறு தைத்துக் கட்டி, பெட்டியிலிடும் வேலை தனித்தொழிலாகும். எம்மூர்ப் பக்கத்துப் படக்காரர் பாஸ்போர்ட் அளவுப் படத்தையும், அவசரமாய்க் கேட்கும் ஓரிரு படங்களையும் தம் கடையிலேயே அச்சிட்டுக் கொடுத்து, ஆல்பத்தை மட்டும் தஞ்சைக்கோ திருச்சிக்கோ அனுப்புவதன் காரணம் இதுவே. ஏதும் நூலறிவின்றியே அனுபவம் அவர்க்கு நல்வழியைக் காட்டியுள்ளது.

வடிவளவிலும் ஒரு நுட்பம் உளது. பெரும்பாலான காமிராப் படங்களின் அகலமும் நீளமும் 2:3 என்னும் அளவின. 4×6, 8×12 என்னும் தாள்களில் அவை முழுதும் அடங்கும். 8×10 தாளிலிட்டால், 8 அங்குல அகலத்திற்கு 12 அங்குல நீளம் வேண்டியிருக்க 10 அங்குலமே கிடைத்தலின், இரண்டு அங்குலம் வெட்டுண்ணும். கூட்டப்படத்தின் ஓரத்தில் நின்ற பெரியப்பாவும் அத்தையும் இங்ஙனம் ஆல்பத்தினின்று மறைந்து, உறவில் மனக்கசப்பு விளைதல் உண்டு. இல்லத்தில் அச்சிடுவான் இதனை உடனே கண்டு திருத்திக்கொள்வான். லேபுக்கு அனுப்புவான் முன்னரே தாளளவுக்குத் தக நறுக்கி அனுப்புதல் வேண்டும்.

இனி, யாவற்றினும் சிறந்த பொருளாகிய வண்ணத்திற்கு வருவாம். கணிப்பொறித் திரை தானே ஒளிர்வது. தாள் பிற ஒளியை வாங்கிக் காட்டுவது. திரையை மிகுந்த ஒளியில் வைத்துத் திருத்திய படம் தாளில் இருண்டு தோன்றும். திரையின் ஒளியைக் குறைத்து, அளவுகருவியால் அதன் வண்ணத்தைச் சீர்செய்து, தாளுக்கும் மைக்கும் உரிய வண்ணக்குறிப்பாகிய 'புரொஃபைல்' என்னும் கோப்பினை அமைத்துக்கொண்டாலன்றித் திரையும் தாளும் ஒத்து வாரா. லேபிலோ இயந்திரம் தானாகவே வண்ணத்தைத் 'திருத்தும்' வழக்கம் ஒன்றுண்டு. அதனால் அரக்குக் கூறைப்புடைவை செந்நிறமாகவும், மாம்பழ நிறம் எலுமிச்சை நிறமாகவும் மாறுதல் கூடும். தானாகத் திருத்தவேண்டா என்று முன்னரே எழுதி அனுப்புதல் இதற்குக் காப்பு.

புடைவையின் நிறம் மாறினாலும் பொறுக்கலாம். முகத்தின் நிறம் மாறுவதைப் பொறுத்தல் எங்ஙனம்? மணமகளின் கருநிறத்தைக் கழுவி வெண்மை பூசிக் கொடுப்பதைப் பலர் அழகென்று கருதுகின்றனர். கேட்பவரும் உளர், கேளாதவர்க்கும் அவ்வாறே செய்து கொடுப்பவரும் உளர். பெற்ற தாய் பார்த்து, 'இவள் என் மகளோ?' என ஐயுறும் படம் எத்துணைப் பளபளத்தாலும் பொய்ப்படியே. வயலிலும் வெயிலிலும் உழைத்துப் பெற்ற நிறத்தைக் குற்றமென்று கருதி அழிப்பதற்குப் படக்காரனுக்கு உரிமை யாது? கல்வெட்டைப் படியெடுத்தவன் ஓரூர்ப் பெயரை மாற்றி எழுதியிருப்பின் கொடையே பிறழ்ந்திருக்கும் அன்றோ? தன் கையால் ஒருமுறையேனும் முகத்தைத் தாளில் ஏற்றி, ஆளையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவனுக்கே இவ்வுண்மை உள்ளத்திற் பதியும். இல்லத்துப் பிரிண்டரின் பெரும்பயன் காசு மிச்சப்படுத்தலன்று. கண்ணைப் பழக்குதலே என்பது எம் துணிபு.

படத்தின் ஆயுளையும் மறத்தலாகாது. நம் இல்லங்களிற் காலஞ்சென்ற பெரியோரின் படம் மாலையுடன் சுவரில் தொங்குகின்றது. பல குடும்பங்களில் அவருக்கு உள்ள படம் அஃதொன்றே. மலிவான தாளில் சாய மையால் அச்சிட்ட படம், வாயிலை நோக்கி ஒளிபடும் இடத்திற் காற்றோடு உறவாடி நிற்குமாயின், சில ஆண்டுகளில் வெளிறிவிடும். ஒருமுறை இழந்த தந்தையை மகன் மறுமுறையும் சிறிது சிறிதாக இழப்பதை அங்குக் காண்கின்றோம். இத்தகைய படத்தைப் பொடி மையாலோ, லேபின் வெள்ளியுப்புத் தாளிலோ எடுத்தல் வேண்டும். கண்ணாடிக்கும் படத்திற்கும் இடையே அட்டையால் இடைவெளி விடுதல் வேண்டும். இன்றேல் மழைக்காலத்து ஈரத்தாற் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நேர்வெயில் படாத சுவரே அதற்குரிய இடம். இவற்றைக் கேட்பவர் கேளாவிடினும் எடுத்துரைத்தல் கூலி பெறுவான் கடமையாகும்.

'எல்லாவற்றையும் லேபுக்கே அனுப்பிவிட்டாற் கவலையில்லை. பிழை நேர்ந்தால் பழி லேபினது' என்று சொல்வார் உளர். அது பொருந்தாது. மணவீட்டார் அறிந்தது படக்காரன் ஒருவனையே. கூலி எவன் கையில் விழுந்ததோ அவனே பொறுப்பாளி. திருமணம் மறுமுறை நிகழ்வதன்று. ஆகலின் படக்கோப்புக்களை இரு வேறு வட்டுக்களில் வைத்துக் காத்தல், ஆல்பத்தின் தாள்தொகையையும் கொடுக்கும் நாளையும் முன்னரே எழுதிக்கொள்ளுதல், லேபினின்று வந்த ஆல்பத்தை மணவீட்டார்க்குக் காட்டுமுன் தாள்தாளாய்ப் புரட்டி நோக்குதல் ஆகிய மூன்றும் அவனுக்கு இன்றியமையாதன. மறுதலையாக, 'என் கையாலேயே செய்வேன்' என்னும் செருக்கினால் நானூறு படங்களையும் இல்லத்தில் அச்சிடத் தொடங்கி, மை தீர்ந்து, மின்சாரம் நின்று, குறித்த நாள் தவறுவானும் அவ்வளவே பிழையுடையான்.

ஆகவே யாம் கண்ட முடிபு இது: கற்பதற்கும், ஓரிரு படங்களை அவசரமாகக் கொடுப்பதற்கும், தனிச்சிறப்புடைய ஒரு படத்தை நின்று நிதானித்துச் செய்வதற்கும் இல்லம் தக்கது. தொகை மிக்கதும், அளவிற் பெரியதும், கட்டுமானம் வேண்டுவதுமாகிய கூலிவேலைக்கு லேபே தக்கது. ஆயினும் இரண்டும் பகையல்ல. பெரிய வேலையை அனுப்புமுன், பலவகை முகநிறமும் பட்டுநிறமும் அமைந்த ஒரு சோதனைப்படத்தை லேபில் அச்சிட்டு வாங்கி, அதனைத் தன் திரையோடும் தன் பிரிண்டரோடும் ஒத்துப்பார்த்துக் குறித்துக்கொள்பவன், லேபின் கையையும் தன் கையாக்கிக்கொள்கின்றான். அங்ஙனம் செய்யாதவன் இல்லத்தில் அச்சிட்டாலும் பிறர் கையில் அகப்பட்டவனே.

நம் கல்லூரி மாணவரிற் பலர் விடுமுறையிற் படமெடுத்துச் சிறு பொருள் ஈட்டுகின்றனர். அவர்கள் புதிய காமிராவுக்குப் பொருள் சேர்க்குமுன், தாம் எடுத்தவற்றுள் பத்துப் படங்களையேனும் தாளில் ஏற்றிப் பார்ப்பாராக. திரை மறைத்த குற்றத்தைத் தாள் காட்டிவிடும். இருந்த கோயிலைப் பிரிக்குமுன் அதன் எழுத்தைப் படியெடுத்து வைத்த ஊர் திருமழபாடி. இன்று நம் வீடுகளில் இருக்கும் முதியோர் முகங்களும் நாளை இராதன. அவை மறையுமுன் உண்மையான படி ஒன்று எடுத்துவைத்தல், கூலி பெற்றாயினும் பெறாதாயினும், கருவி கையிலுள்ளார் அனைவர்க்கும் உரிய கடனாகும்.